த்ரீடி கண்ணாடியை மாட்டியதும் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

த்ரீடி படம் பார்த்துவிட்டுத் தலைவலியோடு வருகிறவர்களுக்காக இந்தக் குறிப்பு. தியேட்டரில் கொடுக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கை கழுவும் இடத்து நிலைக்கண்ணாடி முன் நின்று வலது கண்ணை மூடுங்கள். திறந்திருக்கும் இடது கண் கன்னங்கரேலென்று மறைந்து, மூடிய வலது கண் தெளிவாகத் தெரிகிறதா? அது ஒளி அலையைச் சுழலவிட்டுப் பிரிக்கும் வகை. நேர்மாறாகத் தெரிந்தால், ஒளியை ஒரே கோட்டில் அதிரவிடும் வகை.

நம் கண்களுக்கு இடையே சுமார் 6.5 செ.மீ. தூரம். அதனால் இரண்டும் சற்றே வேறான காட்சிகளைப் பார்க்கின்றன. மூளை அதில் ஆழத்தைக் கண்டுபிடிக்கிறது. திரையிலும் அப்படி இரண்டு படங்கள் விழ, கண்ணாடி அவற்றைக் கண்ணுக்கு ஒன்றாகப் பிரித்துத் தருகிறது. நிலைக்கண்ணாடியில் பட்ட ஒளி சுழலும் திசை மாறித் திரும்புவதால்தான் உங்கள் கண்ணே உங்களுக்கு மறைகிறது. முதல் முறை பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது!

கோட்டு வகையென்றால் பக்கத்துத் தோளில் சாயவே கூடாது. இரண்டு படமும் கலந்து நிழலாடும். சுழல் வகையில் நிழல் குறைவு, ஆனாலும் சாய்ந்தால் கண் வலிக்கும். நடு வரிசை, நடு இருக்கை நல்லது. விரல் ரேகையை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள்.

எல்லோருக்கும் ஆழம் தெரிந்து, உங்கள் குழந்தைக்கு மட்டும் தட்டையாகத் தெரிந்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு கண் பார்வை மங்கலாக இருக்கலாம்.