63 கார்வெட்: கெடுத்த பிறகு கற்றுக்கொண்டவை

போன மாதம் ஒரு தம்பி போனில் படம் அனுப்பியிருந்தார். 1963 கார்வெட் ஸ்டிங் ரே வாங்கி, இன்ஜினை இறக்கி, பிசுக்கெல்லாம் போகக் கழுவி கராஜ் தரையில் வைத்திருக்கிறார். "எப்படி இருக்கு அண்ணா?" என்று கேள்வி. படத்தின் ஓரத்தில், இன்ஜின் பிளாக்கை (சிலிண்டர்கள் குடைந்த அடிப்படை இரும்பு வார்ப்பை) ஒட்டி ஒரு எமரித் தாள் கிடந்தது. எனக்குப் பக்கென்றது. உடனே கூப்பிட்டு, ஹலோகூடச் சொல்லாமல், "அந்தத் தாளைத் தூக்கிப் போடுங்க முதல்ல" என்றேன்.

ஸ்டாண்ட் இல்லாமல் காருக்கு அடியில் போகாதீர்கள், பேட்டரியைக் கழற்றுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் கையைச் சுட்டுக்கொண்டவற்றை மட்டும் எழுதுகிறேன்.

இரண்டு விரல் அகல இடம்

இன்ஜினின் முன்பக்கம், டிரைவருக்கு அடுத்த சீட் இருக்கும் பக்கத்தில், சிலிண்டர் ஹெட்டைத் தாண்டி பிளாக்கில் ஒரு சின்னச் சமதளம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் இரண்டு எண்கள் குத்தியிருப்பார்கள். ஒன்று இன்ஜினின் ஜாதகம். என்னுடையதில் 'எஃப் 0112 ஆர்இ' என்று இருந்தது. எஃப் என்றால் ஃபிளின்ட் ஆலை, 0112 ஜனவரி 12, ஆர்இ என்றால் 340 குதிரைத்திறன் கொண்ட 327 கன அங்குல இன்ஜின். இன்னொன்று காரின் வரிசை எண். டேஷ்போர்டின் கையுறைப் பெட்டிக்குக் கீழே இருக்கும் தகட்டின் கடைசி ஆறு இலக்கங்களும் இதுவும் ஒத்துப்போனால், இந்த இன்ஜின் இந்தக் காரோடு பிறந்தது என்று அர்த்தம். சேகரிப்பவர்கள் 'மேட்சிங் நம்பர்ஸ்' என்று உருகுவது இதற்குத்தான்.

என்னுடையதும் ஒத்துப்போனது. ஒத்துப்போனது என்று இறந்தகாலத்தில் எழுதும்போதே எரிகிறது.

சிலிண்டர் தேய்ந்திருந்ததால் ரீபோர் போட, அதாவது துளைகளைக் கொஞ்சம் பெரிதாகக் கடைய, ஒரு மெஷின் ஷாப்பில் பிளாக்கைக் கொடுத்தேன். "மேலே டெக்கையும் பார்த்துச் சமம் பண்ணிடுங்க" என்று என் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். சிலிண்டர் ஹெட் உட்காரும் மேல்தளம்தான் டெக். எண் குத்திய இடமும் டெக்கும் ஒரே மட்டம். மில்லிங் கட்டர் டெக்கில் ஓடினால் அதன் மேலும் ஓடும். பட்டறைக் கணக்கில் பத்து தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து), அதாவது கால் மில்லிமீட்டர்தான் எடுத்தார். ஐம்பது வருடம் தப்பிப் பிழைத்த எழுத்து போவதற்கு அது போதும். பிளாக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது, "கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன்" என்று பெருமையாக வேறு தடவிக் காட்டினார். பில்லில் அதற்குத் தனியாக ஒரு வரி. முன்கூட்டிச் சொல்லாதது என் தப்புதான் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன், மனசு இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

பிளாக்கின் பின்பக்கம் 3782870 என்ற வார்ப்பு எண் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அது அந்த ரகத்து எல்லா பிளாக்குக்கும் பொது. இன்ன ரகம் என்று சொல்லும், என் காருடையது என்று சொல்லாது. "திரும்பக் குத்திக்கலாமே" என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. அதற்குப் பெயர் போலி. தவிர, ஆலையில் புரோச் என்ற பல் வரிசைக் கருவியால் நேராக இழுத்துச் செதுக்கிய பிளாக்கில் முன்னும் பின்னுமாக மெல்லிய நேர்கோடுகள் ஓடும். மில்லிங் செய்த தளத்தில் வட்ட வட்டமாகச் சுழி விழும். பழைய கார்வெட்கள் அசலா என்று மதிப்பிடும், 1974 முதல் இயங்கும் என்சிஆர்எஸ் சங்கத்தின் நடுவர்கள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பது அந்தக் கோடுகளைத்தான். எமரித் தாளைப் பார்த்து நான் பதறியதும் அதனால்தான். நாலு தேய் தேய்த்தால் எண் தங்கும், கோடு போய்விடும்.

அந்த இடத்துப் பெயின்டையும் பிசுக்கையும் துடைக்கத் தின்னரும் மென்மையான பிரஷும் போதும். படம் எடுங்கள், தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு நகல் எடுங்கள். ஷாப்புக்கு அனுப்பும் முன் அந்த இடத்தில் டேப் ஒட்டி, 'இங்கே கட்டர் படக் கூடாது' என்று பிளாக்கின் மேலேயே பெயின்ட் மார்க்கரில் எழுதுங்கள். ஆர்டர் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். அந்தத் துண்டை மட்டும் விட்டுவிட்டு டெக்கைச் சமம் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தெரியாது என்பவரிடம் பிளாக்கை இறக்கவே வேண்டாம்.

ஃபைபர் துருப்பிடிக்காது என்று நம்புவது

உடம்பு ஃபைபர் கிளாஸ்தான். அதற்குள்ளே முன்கண்ணாடியையும் கதவுகளையும் தாங்கும் இரும்புக் கூண்டு இருக்கிறது. கார்வெட்காரர்கள் அதை 'பேர்ட்கேஜ்' என்பார்கள். பெயின்ட் பளபளக்க, உள்ளே கூண்டு அப்பளமாக நொறுங்கிக்கொண்டிருக்கும். வாங்கும் முன் கால் வைக்கும் இடத்துப் பக்கவாட்டு அட்டைகளைக் கழற்றி, தூண்களின் அடிப்பாகத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் இன்னும் நன்றாகக் குத்துங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் சேசிஸ் மேலே வளையும் இடத்தையும் விடாதீர்கள்.

மணல் அடித்துப் பெயின்ட் எடுப்பது

வேண்டாம்.

பிளவுக் கண்ணாடியைக் கண்டதும் மயங்குவது

பின்கண்ணாடியை நடுவில் பிரிக்கும் பட்டை 1963 கூப்பேயில் மட்டும்தான். பின்னால் வருவது தெரியவில்லை என்று அன்றைக்கு அதை அறுத்தெறிந்து ஒற்றைக் கண்ணாடி மாட்டியவர்கள் உண்டு. இன்றைக்கு 1964 காருக்குப் பட்டை வைத்து 63 ஆக்குகிறார்கள். கண்ணாடியைப் பிறகு ரசிக்கலாம், முதலில் கையுறைப் பெட்டிக்குக் கீழே உள்ள அந்தத் தகட்டைப் படியுங்கள். முதல் இலக்கம் 3 ஆக இருக்க வேண்டும்.

கிடைத்த எண்ணெயை ஊற்றுவது

இந்த இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்கு ஜிங்க் கலந்த எண்ணெய் வேண்டும், இன்றைய கார்களுக்கான எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். புது கேம் போட்டால் ஸ்டார்ட் ஆனதுமே நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு ஏற்றி, இருபது நிமிடமாவது ஓடவிடுங்கள். ஐடிலில் விட்டுக் கேட்டு ரசிக்கும் வேலை வேண்டாம்.

ஷிம்மை எண்ணாமல் உடம்பைத் தூக்குவது

உடம்புக்கும் சேசிஸுக்கும் நடுவே மட்டம் சரிசெய்ய வைத்திருக்கும் மெல்லிய தகடுகள்தான் ஷிம். எந்த மூலையில் எத்தனை என்று எழுதிவையுங்கள். நான் எழுதவில்லை. என் காரின் இடது கதவை இன்றும் இடுப்பால் ஒரு இடி இடித்துத்தான் மூடுகிறேன்.