பேட்லாண்ட்ஸ் போகிறீர்களா? ராத்தங்க கேபினும் கேம்ப்கிரவுண்டும் தேடுவது எப்படி

தெற்கு டகோட்டாவின் பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு முதல்முறை மினியாபொலிஸிலிருந்து காரில் போனபோது நாங்கள் ரூம் போட்டது ரேபிட் சிட்டியில். பூங்காவிலிருந்து 75 மைல்தானே, ஹைவேயில் ஒரு மணி நேரம்தானே என்று கணக்குப் போட்டேன். கணக்கெல்லாம் சரிதான். ஆனால் பிள்ளைகளை எழுப்பி, குளிக்க வைத்து, எதையாவது சாப்பிட வைத்துப் பூங்கா வாசலுக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. வெயில் நேராக அடிக்கிற அந்த நேரத்தில் மலைகள் எல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளிறிக் கிடந்தன. "இதுக்கா ஒன்பது மணி நேரம் ஓட்டிட்டு வந்தோம்?" என்று வீட்டுக்காரி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

இரண்டாம் முறை பூங்காவுக்கு உள்ளேயே தங்கினோம். விடிகாலையில் டென்ட் ஜிப்பைத் திறந்தபோது எதிரே அதே மலைகள்தான், ஆனால் சாய்ந்த வெளிச்சத்தில் இளஞ்சிவப்பு, மஞ்சள், சாம்பல் என்று அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தது. பேட்லாண்ட்ஸில் பார்க்க வேண்டியது விடியும்போது ஒரு மணி நேரம், பொழுது சாயும்போது ஒரு மணி நேரம், அப்புறம் நடுராத்திரி வானம். பகலில் நிழல்கூடக் கிடையாது. அதனால் இங்கே இடம் தேடும்போது ரூம் எப்படி என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: எந்த பேட்லாண்ட்ஸ் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

சிரிக்காதீர்கள், இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய. வடக்கு டகோட்டாவிலும் பேட்லாண்ட்ஸ் இருக்கிறது, மெடோரா என்ற சின்ன ஊரை ஒட்டி, தியோடர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்காவில். அதுவும் அழகான இடம்தான். ஆனால் அங்கிருந்து தெற்கு டகோட்டா பூங்காவுக்குக் காரில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தேடும் தளத்தில் வெறுமனே "பேட்லாண்ட்ஸ் கேபின்" என்று அடித்தால் இரண்டும் கலந்து வரும். புக் செய்யும் முன் மாநிலத்தின் பெயரைப் பாருங்கள். பேரிலேயே பேட்லாண்ட்ஸ் என்று வைத்திருக்கிறார்களே என்று நம்பி விடாதீர்கள்.

படி 2: வரைபடத்தில் நாலு புள்ளி வையுங்கள்

இந்தப் படிதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஐ-90 நெடுஞ்சாலை பூங்காவுக்கு வடக்கே கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதில் 131-ஆம் எக்ஸிட்டில் இறங்கினால் வடகிழக்கு வாசல். 110-ஆம் எக்ஸிட்டில் இறங்கினால் வால் என்ற ஊர், அங்கிருந்து தெற்கே போனால் பினக்கிள்ஸ் வாசல். இந்த இரண்டையும் இணைத்துப் பூங்காவுக்கு உள்ளே வளைந்து போகிற சாலைதான் 240, லூப் ரோடு என்பார்கள். சுமார் 30 மைல். நிற்காமல் ஓட்டினால் ஒரு மணி நேரம், ஆனால் நிற்காமல் ஓட்ட யாராலும் முடியாது, ஒவ்வொரு வளைவிலும் யாராவது "நிறுத்து நிறுத்து" என்பார்கள்.

இப்போது புள்ளிகள். கிழக்குப் பக்கம் சீடர் பாஸ்: பூங்காவின் தகவல் மையம், கேபின், பெரிய கேம்ப்கிரவுண்ட் எல்லாம் இங்கேதான். அதற்குத் தெற்கே இரண்டு மைலில் இன்டீரியர், நூறு பேர்கூட இல்லாத ஊர், ஆனால் தனியார் கேம்ப்கிரவுண்டும் மோட்டலும் உண்டு. மேற்கே வால், மோட்டல்கள் வரிசையாக இருக்கும். 1931-இல் ஒரு மருந்துக்கடைக்காரர் வாங்கி, வழிப்போக்கர்களுக்கு இலவசமாக ஐஸ் தண்ணீர் கொடுத்தே பெரிதாக வளர்த்த வால் டிரக் (Wall Drug) என்ற கடையால் பேர் வாங்கிய ஊர் இது. நாலாவது புள்ளி கடோகா, 131-ஆம் எக்ஸிட்டுக்கும் கிழக்கே சுமார் 20 மைல்.

என் சிபாரிசு இந்த வரிசையில்: சீடர் பாஸ், இன்டீரியர், வால், கடோகா. ரேபிட் சிட்டி கடைசி. பூங்காவின் தெற்குப் பகுதி ஓக்லாலா லக்கோட்டா மக்களின் பைன் ரிட்ஜ் நிலத்தில் இருக்கிறது. பாதைகள் குறைவு, முதல்முறை போகிறவர்கள் அங்கே தங்க இடம் தேட வேண்டாம்.

படி 3: தேதி

ஜூலையும் ஆகஸ்ட்டும் வறுத்தெடுக்கும், நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சாதாரணமாகத் தாண்டும். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் புல்வெளி பச்சையாக இருக்கும், ஆனால் இடி மழை, ஆலங்கட்டி. எனக்குப் பிடித்தது செப்டம்பர்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஸ்டர்ஜிஸ் என்ற ஊரில் பத்து நாள் மோட்டார் சைக்கிள் திருவிழா நடக்கும். பூங்காவிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது, ஆனால் அந்த வட்டாரம் முழுக்க ரூம் கிடைக்காது, கிடைத்தாலும் விலை எங்கோ போய்விடும். அந்த வாரத்தைத் தவிருங்கள்.

நட்சத்திரம் பார்க்க ஆசையிருந்தால் வீட்டுச் சமையலறையில் தொங்குகிற தமிழ்க் காலண்டரைப் புரட்டுங்கள். அமாவாசையை ஒட்டிய இரண்டு மூன்று நாளாகப் பார்த்துப் போடுங்கள். பால்வெளி மண்டலத்தை வெறும் கண்ணால் பார்க்கலாம். கோடையில் சீடர் பாஸில் ரேஞ்சர்கள் தொலைநோக்கி வைத்துக் காட்டுவதும் உண்டு.

படி 4: முதலில் பூங்காவுக்கு உள்ளே பாருங்கள்

தேசியப் பூங்கா சேவையின் தளத்தில் பேட்லாண்ட்ஸ் பக்கத்துக்குப் போய், தங்குமிடம் என்ற பகுதியில் இருக்கிற இணைப்பு வழியாகவே புக் செய்யுங்கள். தேடும்போது மேலே விளம்பரமாக வருகிற தளங்கள் வழியாகப் போனால் அதிகப்படிக் கட்டணம் சேரலாம்.

கேபின் வேண்டும் என்றால் உள்ளே சீடர் பாஸ் லாட்ஜ் ஒன்றுதான். 1928-இல் தொடங்கிய இடம், இப்போது இருக்கிற கேபின்கள் புதிதாகக் கட்டியவை. ஏசி, குளியலறை, சின்ன ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் எல்லாம் உண்டு. வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரைதான் திறந்திருக்கும். சீக்கிரம் நிரம்பிவிடும், அதற்காக நம்பிக்கை இழக்க வேண்டாம். போகிற தேதிக்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால் ரத்தாகிற கேபின்கள் திரும்பி வரும். காலையிலும் ராத்திரியிலும் ஒருமுறை பாருங்கள், போன் போட்டும் கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்தது அப்படித்தான், மூன்றாவது நாள் போனில்.

டென்ட் என்றால் அதை ஒட்டியே சீடர் பாஸ் கேம்ப்கிரவுண்ட். சுமார் நூறு சைட். குடிதண்ணீர், ஃபிளஷ் டாய்லெட், காசு கொடுத்தால் ஷவர், சில சைட்டில் மின்சாரமும் உண்டு. சைட்கள் நெருக்கமாக இருக்கும், பக்கத்து டென்ட்காரர் குறட்டை கேட்கும், அதைச் சொல்லிவிடுகிறேன். மரம் இல்லை. ஆனால் மேசைக்கு மேலே கூரை போட்டிருப்பார்கள், பகலில் அதுதான் உங்கள் வீடு.

புதிதாக வருகிற எல்லோரும் ஏமாறுகிற விஷயம் ஒன்று: இந்தப் பூங்காவில் எந்த மாதத்திலும், எந்த இடத்திலும் விறகு போட்டுத் தீ மூட்ட அனுமதி கிடையாது. காய்ந்த புல்வெளியில் பொறி பறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கேம்ப்கிரவுண்டில் கேஸ் அடுப்பு வைத்துக்கொள்ளலாம். கேம்ப்ஃபயர் இல்லாமல் கேம்பிங்கா என்று பிள்ளைகள் முகம் சுளித்தால், இன்டீரியர் பக்கம் இருக்கிற தனியார் இடங்களில் அனுமதி உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.

படி 5: காசு செலவில்லாத இடங்கள்

பூங்காவின் மேற்குப் பக்கம் சேஜ் கிரீக் என்று இன்னொரு கேம்ப்கிரவுண்ட் இருக்கிறது. தங்கக் கட்டணம் இல்லை, ரிசர்வேஷனும் இல்லை, முதலில் வந்தவருக்கு இடம். குழி டாய்லெட்டும் மேசைகளும் உண்டு. தண்ணீர் கிடையாது. அதை மறுபடி சொல்கிறேன், ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. ஓடையில் இருக்கிறதே, வடிகட்டிக் குடிக்கலாமே என்று நினைக்காதீர்கள். இந்த மண் அப்படி. ஓடைத் தண்ணீரில் வண்டல் அவ்வளவு கலந்திருக்கும், கையில் கொண்டுபோகிற ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். வாலில் கேன்களை நிரப்பிக்கொண்டு போங்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன்.

லூப் ரோட்டிலிருந்து பிரிந்து பத்துப் பன்னிரண்டு மைல் மண் சாலையில் போக வேண்டும். காய்ந்திருந்தால் சாதாரண கார் போதும். மழை பெய்தால் கதையே வேறு. இந்தக் களிமண்ணில் எரிமலைச் சாம்பலிலிருந்து வந்த பெண்டோனைட் கலந்திருக்கிறது, ஈரம் பட்டால் உப்பிக்கொண்டு வழுக்கும். நான் பத்தடி நடந்து பார்த்தேன். ஷூவுக்கு அடியில் இன்னொரு ஷூ முளைத்தது மாதிரி ஆகிவிட்டது, குச்சியால் சுரண்டினாலும் வரவில்லை, காய்ந்த பிறகு தட்டித்தான் எடுத்தோம். இது டயரிலும் அப்படியே அப்பும். மழை முன்னறிவிப்பு இருந்தால் சேஜ் கிரீக்கை விட்டுவிட்டு சீடர் பாஸ் பக்கமே இருங்கள்.

இன்னொரு வழி, பூங்காவைச் சுற்றியிருக்கிற பஃபலோ கேப் தேசியப் புல்வெளி. இது வனத்துறை நிலம். பினக்கிள்ஸ் வாசலுக்குச் சற்று முன்னால் மண் பாதையில் திரும்பினால் பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே வேன்களும் டென்ட்டுகளும் நிற்பதைப் பார்க்கலாம். காசு இல்லை, ஆனால் டாய்லெட், தண்ணீர், குப்பைத்தொட்டி எதுவும் இல்லை. வாலில் புல்வெளிக்கென்றே தகவல் மையம் ஒன்று உண்டு, எங்கே தங்கலாம் என்று அங்கே கேட்டுக்கொண்டு போங்கள். விளிம்பிலிருந்து தள்ளியே டென்ட் போடுங்கள், அந்த விளிம்பு வருஷா வருஷம் உதிர்ந்துகொண்டிருக்கிற மண். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த இடமே வேண்டாம், நான் கூட்டிக்கொண்டு போக மாட்டேன்.

படி 6: வெளியே தனியார் கேபின் என்றால் போனில் கேட்க வேண்டியவை

"கேபின்" என்ற சொல்லை நம்பாதீர்கள். முழு வீடு மாதிரி இருப்பதும் கேபின்தான், மரப்பெட்டிக்குள் பங்க் கட்டில் மட்டும் போட்டிருப்பதும் கேபின்தான். ஒருமுறை நாங்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு கேபினைத் திறந்தால் ரெக்சின் மெத்தை மட்டும் கிடந்தது, விரிப்பு இல்லை, தலையணை இல்லை, பாத்ரூம் இருநூறடி தள்ளி. தப்பு என்னுடையதுதான், எல்லாம் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். வேட்டியை விரித்துப் படுத்தேன்.

அதனால் கேளுங்கள்: குளியலறை உள்ளேயா வெளியேயா, படுக்கை விரிப்பு தருவீர்களா, ஏசி உண்டா, உள்ளே சமைக்கலாமா. அப்புறம் சீடர் பாஸ் தகவல் மையத்திலிருந்து சாலை வழியாக எத்தனை மைல் என்று. "பூங்காவுக்குப் பக்கம்" என்ற பதிலை ஏற்காதீர்கள், மைல் கணக்கு வாங்குங்கள்.

படி 7: டென்ட் போடும்போது

காற்று. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. மரமே இல்லாத சமவெளியில் சாயங்காலம் கிளம்புகிற காற்று டென்ட்டைக் கையால் மடித்தாற்போல் மடித்துவிடும். டென்ட்டோடு வருகிற ஒல்லிக் கம்பி முளைகள் போதாது, நீளமான கனத்த முளைகளும் ஒரு சுத்தியலும் வாங்கிக்கொள்ளுங்கள், காய்ந்த களிமண் சிமெண்ட் மாதிரி இருக்கும். நீள டென்ட் என்றால் அகலப் பக்கத்தைக் காற்றுக்குக் காட்டாமல் குறுகிய பக்கத்தைக் காட்டுங்கள். கயிறுகளை எல்லாம் இழுத்துக் கட்டுங்கள், வானம் தெளிவாக இருந்தாலும். இடி கேட்டால் கௌரவம் பார்க்காமல் காருக்குள் போய் உட்காருங்கள்.

செருப்பில்லாமல் புல்லில் நடக்காதீர்கள், கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. புல்வெளி நாய் என்கிற அணில் மாதிரியான பிராணி வளைக்கு வெளியே நின்று கத்தும், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். தீனி போடக் கூடாது, அவற்றின் மேல் இருக்கிற தெள்ளுப்பூச்சிகள் பிளேக் பரப்பக்கூடியவை.

படி 8: ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால்

சேஜ் கிரீக்குக்கு முற்பகலிலேயே போய்விடுங்கள், முந்தின நாள் தங்கியவர்கள் காலி செய்கிற நேரம் அது. சாயங்காலம் போய் இடம் தேடினால் கஷ்டம். கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சின்ன லாபம்: கடோகா வருவதற்கு முன்பே நேரம் ஒரு மணி பின்னால் போய்விடும், அந்த ஒரு மணி நேரம் உங்கள் கணக்கில்.

ஆனால் அந்த மண் சாலையில் அவசரப்பட்டுப் பயனில்லை. பைசன்கள், அதாவது அமெரிக்கக் காட்டெருமைகள், நடுச்சாலையில் நின்றால் ஹாரன் அடிக்கக் கூடாது, இறங்கவும் கூடாது, அவையாக நகரும் வரை காருக்குள்ளேயே இருக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் ஒன்று படுத்தே விட்டது. நாற்பது நிமிடம். முறுக்கு டப்பா காலியாகிற வரைக்கும் அது எழுந்திருக்கவில்லை.