இனஒதுக்கலை எதிர்த்த ஐ.நா. தீர்மானங்களைப் படிப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் இனஒதுக்கல் கொள்கையை எந்த நாடு செயலில் எதிர்த்தது, எது பேச்சோடு நின்றது என்று எடைபோடத் தலைவர்களின் உரைகள் போதா. கண்டன உரை எல்லாரிடமும் இருந்தது. தீர்மானத்தின் வாசகத்தையும் வாக்குப் பதிவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் அந்த நாடு செய்த வணிகத்தைப் பாருங்கள்.

முதலில், தீர்மானம் எந்தச் சபையுடையது என்று பாருங்கள். 1962 நவம்பர் 6 அன்று பொதுச்சபையில் 1761ஆம் தீர்மானம் நிறைவேறியது. தூதரக உறவை முறிப்பது, தென்னாப்பிரிக்கக் கப்பல்களுக்குத் துறைமுகத்தை மூடுவது, அதன் பொருள்களைப் புறக்கணிப்பது, விமானங்களுக்கு இடம் மறுப்பது எல்லாம் அதில் உண்டு. ஆனால் பொதுச்சபையின் தீர்மானம் என்பதால் அது வேண்டுகோள் மட்டுமே. ஆதரவு 67, எதிர்ப்பு 16, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 23. பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ் மூன்றும் அந்த 16இல் இருந்தன. ஆகவே "1962இல் ஐ.நா. வணிகத் தடை விதித்தது" என்று எழுதினால் பிழை.

அடுத்து வினைச்சொல். அதிகம் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். பாதுகாப்புச் சபைத் தீர்மானத்தின் ஆங்கில மூலத்தில் ஒரு பத்தி 'டிசைட்ஸ்' (முடிவு செய்கிறது) என்று தொடங்கி, கட்டாய நடவடிக்கைக்கு அதிகாரம் தரும் ஐ.நா. சாசனத்தின் 7ஆம் அத்தியாயத்தின் கீழ் வந்தால் அது கட்டாயம். 'கால்ஸ் அப்பான்' (கேட்டுக்கொள்கிறது) என்று தொடங்கினால் வெறும் அழைப்பு. 1963 ஆகஸ்டில் வந்த 181ஆம் தீர்மானத்தின் ஆயுதத் தடை அழைப்பு வகை; அதனால்தான் அதற்குப் பிறகும் பிரான்ஸிலிருந்து ஆயுதங்கள் போய்க்கொண்டிருந்தன. 1977 நவம்பர் 4இல் ஒருமனதாக நிறைவேறிய 418ஆம் தீர்மானமோ கட்டாயம். உறுப்பு நாடு ஒன்றின்மேல் 7ஆம் அத்தியாயத்தில் விதிக்கப்பட்ட முதல் கட்டாயத் தடை அது. அதையும் பத்தி பத்தியாகப் படியுங்கள். ஆயுதம் வழங்குவதை உடனே நிறுத்தச் சொல்லும் 2ஆம் பத்தி முடிவு. ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களையும் உரிமங்களையும் மறுபரிசீலிக்கச் சொல்லும் 3ஆம் பத்தி அழைப்பு மட்டுமே. பழைய உரிமங்களுக்கு வழிவிட்ட ஓட்டை அங்கே இருக்கிறது.

வாக்கு எண்ணிக்கையில் இரண்டு இடங்களில் பலர் தடுக்கி விழுகிறார்கள். பாதுகாப்புச் சபையின் நிரந்தர உறுப்பினர் ஒதுங்கி நிற்பது வீட்டோ (தீர்மானத்தை வீழ்த்தும் எதிர்வாக்கு) ஆகாது. தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின் 1960 ஏப்ரலில் வந்த 134ஆம் தீர்மானம், பிரிட்டனும் பிரான்ஸும் ஒதுங்கியதால்தான் 9-0 என்று நிறைவேறியது. பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கைக் கணக்கிடும்போதும் ஒதுங்கியவர்களைக் கழித்துவிட வேண்டும். தென்னாப்பிரிக்க இந்தியர்களின் நிலை குறித்து 1946 டிசம்பர் 8இல் நடந்த வாக்கெடுப்பு 32-15-7. கணக்கில் வருபவை 47, தேவை 32. ஒரே ஒரு நாடு எதிர்ப்பக்கம் மாறியிருந்தாலும் தீர்மானம் தோற்றிருக்கும். இந்தியாவோ அதற்காகக் காத்திருக்காமல், அந்த ஜூலையிலேயே தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தை நிறுத்திவிட்டிருந்தது.

நிறைவேறாத வரைவுகளையும் தேடிப் படியுங்கள். 1977 அக்டோபர் 31 அன்று ஆப்பிரிக்க நாடுகளின் மூன்று வரைவுகளை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் வீட்டோவால் வீழ்த்தின. நான்கே நாளில் அதே மூன்றும் ஆயுதத் தடைக்குக் கைதூக்கின. எதுவரை வருவோம், எதற்கு மேல் வரமாட்டோம் என்ற எல்லைக்கோடு இரண்டையும் அருகருகே வைத்தால்தான் தெரியும்.

கடைசியாக வணிகமும் உள்நாட்டுச் சட்டமும். 1973இல் அரபு நாடுகள் தென்னாப்பிரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்தின. ஈரான் 1979 வரை கொடுத்துக்கொண்டிருந்தது. தடையில் சேராத நாடு எது என்று பார்க்காமல் தடையின் பலத்தை அளக்க முடியாது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தை அதிபர் ரீகன் வீட்டோ செய்தார். இரு அவைகளும் அதை மீறி நிறைவேற்றின. ஆகவே அரசுத் தலைவரின் நிலைப்பாட்டையும் நாட்டின் சட்டத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

தேதிகளிலும் சொற்களிலும் கவனம் வேண்டும். 1974இல் தென்னாப்பிரிக்கா ஐ.நா.விலிருந்து வெளியேற்றப்படவில்லை, வெளியேற்றும் வரைவை மூன்று வீட்டோக்கள் தடுத்தன. பொதுச்சபையில் பங்கேற்பதுதான் நிறுத்தப்பட்டது, உறுப்புரிமை தொடர்ந்தது. பொருளாதாரத் தடைகளை நீக்கும்படி பொதுச்சபை கேட்டது 1993 அக்டோபரில். கட்டாய ஆயுதத் தடை நீங்கியது 1994 மே 25இல், மண்டேலா பதவியேற்று பதினைந்தாம் நாள்.