காற்றுப்பை வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரின் செந்தூல், சிகாம்புட் வட்டாரக் கார் பட்டறைகளில் தொழில் பழக வரும் இளைஞர்கள், எங்கள் தலைமுறை பழகிய காலத்தில் செய்த தவறுகளையே இன்றும் செய்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். இருக்கை வார் அணிய வேண்டும், டேஷ்போர்டின் மேல் காலை நீட்டக் கூடாது என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

மோதலின்போது விரிந்து வண்டியில் இருப்பவரைக் காக்கும் காற்றுப்பையை (ஏர்பேக்) தொடுகிறவர், அது எப்படி முடிவெடுக்கிறது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தை ஒட்டியுள்ள சென்சார்களும், பெரும்பாலும் கியர் கம்பிக்கு அருகே தரையில் பொருத்தப்பட்ட கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் உள்ள சென்சாரும், வண்டியின் வேகம் எவ்வளவு திடீரெனக் குறைகிறது என்பதை அளந்துகொண்டே இருக்கின்றன. அது மோதல்தான் என்று பெட்டி முடிவெடுத்து மின்னோட்டம் அனுப்பியதும், பையின் வாயு உருளைக்குள் இருக்கும் எரிமூட்டி பற்றிக்கொள்கிறது. வேதிப்பொருள் எரிந்து வாயு பையை நிரப்புகிறது. பை விரிந்து முடிய ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குகூட ஆவதில்லை.

பேட்டரியைக் கழற்றியதும் கை வைப்பது

மோதலில் பேட்டரியே நொறுங்கிப் போனாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டி தனக்கென்று மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது சிறிது நேரம் இருக்கும். வண்டிக்கு ஏற்ப 90 நொடி முதல் 3 நிமிடம் வரையோ அதற்கு மேலோ காத்திருக்கும்படி தயாரிப்பாளர்களின் கையேடுகள் சொல்கின்றன. அதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எரிமூட்டியை மல்டிமீட்டரால் அளப்பது

கூடவே கூடாது. மீட்டர் அனுப்பும் மின்னோட்டமே அதைப் பற்ற வைத்துவிடக்கூடும்.

விளக்கை அணைக்க ரெசிஸ்டர் வைப்பது

இதை எங்கே கண்டாலும் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் கட்டுப்பாட்டுப் பெட்டி, எரிமூட்டியைப் பற்ற வைக்காத அளவுக்கு மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி அதன் மின்தடையைச் சரிபார்க்கிறது. பல வண்டிகளில் அது ஏறத்தாழ 2 ஓம். அந்த அளவு தவறினால் டேஷ்போர்டில் காற்றுப்பை எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரியும். வெடித்துப்போன பைக்குப் பதிலாகப் புதியது பொருத்த ஆயிரக்கணக்கில் ரிங்கிட் ஆகும் என்பதால், சில சென் மட்டுமே பெறும் ரெசிஸ்டர் என்ற சிறு மின்தடைத் துண்டு ஒன்றை அந்த இணைப்பில் செருகிவிடுகிறார்கள். பெட்டி அதை எரிமூட்டி என்றே எடுத்துக்கொள்கிறது, விளக்கு அணைகிறது. பெட்டி சொல்வதைத்தான் பழுது கண்டறியும் ஸ்கேனரும் படிக்கிறது என்பதால், அதிலும் குறை எதுவும் தெரியாது. மோதல் நடக்கும்போது பெட்டி அனுப்பும் மின்னோட்டம் அந்த ரெசிஸ்டரைச் சூடாக்குவதோடு சரி.

தாயாரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவதற்காகப் பழைய கார் ஒன்றை வாங்கிய இளைஞர், ஹாரன் அடிக்கவில்லை என்று எங்கள் பட்டறைக்கு வந்தார். ஸ்டீயரிங் மூடியைக் கழற்றினால் உள்ளே பையும் இல்லை, வாயு உருளையும் இல்லை. மஞ்சள் நிற இணைப்பியின் வாயில் ஒரு ரெசிஸ்டர் டேப் சுற்றிக் கிடந்தது. தாயார் அமரும் பக்கத்தைத் திறந்தோம், அங்கும் அப்படியே. “விளக்கு ஒழுங்காகத்தானே அணைகிறது, அண்ணே?” என்று அவர் கேட்டார். எங்களிடம் பழகும் பையன் ஒருவன், அவர் போன பிறகு, இது வாடிக்கையாளருக்குச் செலவு மிச்சமாகும் வழி அல்லவா என்றான். என் கோபம் அவன் மீதன்று. இதைத் தொழில் நுணுக்கம் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மீது.

வாடிக்கையாளரிடம் இப்போது பணம் இல்லையென்றால் விளக்கை எரிய விடுங்கள். பை வேலை செய்யாது என்பதை ரசீதிலும் எழுதிக் கொடுங்கள். அடுத்து அந்த வண்டியை வாங்குகிறவருக்காவது உண்மை தெரியும். பழைய கார் வாங்குபவர்கள் சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில நொடிகளில் தானாக அணைகிறதா என்று பார்க்க வேண்டும். எரியவே இல்லையென்றாலும், வேறொரு விளக்கோடு சேர்ந்தே அணைந்தாலும், வயரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். ரெசிஸ்டர் வைத்த வண்டி இந்தச் சோதனையிலும் தேறிவிடும். ஆகவே விபத்தில் சிக்கிய வண்டி என்று தெரிந்தால், மூடியைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சக்கரங்களை நேராக வைக்காமல் ஸ்டீயரிங்கைக் கழற்றுவது

பைக்கு மின்னோட்டம் கொண்டுபோகும், உள்ளே சுருண்டிருக்கும் நாடா வயர் அறுந்துவிடக்கூடும்.

சென்சார் தாங்கியைத் தட்டி நிமிர்த்துவது

கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேலுள்ள அம்புக்குறி, கையேடு காட்டும் திசையை நோக்க வேண்டும். போல்ட்டுகள் கையேடு சொல்லும் அளவுக்கு இறுகியிருக்க வேண்டும். வளைந்த தாங்கியைச் சுத்தியலால் நிமிர்த்தினால், சென்சாருக்கு அதிர்வு சேரும் விதமே மாறிவிடும். புதியதை மாற்றுங்கள்.

ஹாஃப் கட் கடையில் காற்றுப்பை வாங்குவது

பழைய வண்டிகளை வெட்டிப் பாகங்களாக விற்கும் கடை அது. கியர் பெட்டியை அங்கே வாங்கலாம். காற்றுப்பையை வாங்கக் கூடாது. தக்காத்தா நிறுவனத்தின் பழைய வாயு உருளைகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், நம்முடையதைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, பை விரியும்போது உருளையையே உடைத்து உலோகத் துண்டுகளை வீசியது. 2014இல் சரவாக்கில் ஹோண்டா சிட்டி கார் ஒன்றில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் இறந்ததும் அந்நிறுவனத்தின் உருளை உடைந்ததால்தான். அதன் பிறகு உலகெங்கும் கோடிக்கணக்கான உருளைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆனால் நீங்கள் உங்கள் வண்டியின் சேசி எண்ணைக் கொடுத்துத் திரும்பப் பெறும் பட்டியலில் தேடினாலும், வேறொரு வண்டியிலிருந்து கழற்றி மாட்டிய பையைப் பற்றி அது எதையும் காட்டாது.