பாதிப் படத்தைக் காட்டும் முறை: திருகோணமலையில் நீர்வர்ணம் வரைபவர்களுக்கு

நீர்வர்ணப் படம் முடிந்த பிறகு வரும் கருத்தால் அந்தக் கடதாசிக்கு ஒரு பயனும் இல்லை. எண்ணெய் வர்ணமென்றால் மேலே பூசி மறைக்கலாம். இங்கே வெள்ளை என்பது கடதாசியேதான். ஒருமுறை மூடிய வெளிச்சத்தை முழுதாகத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே நாலு பேர் சேர்ந்து வரைந்து ஒருவர் வேலையை மற்றவர் பார்க்கிறீர்கள் என்றால், படத்தை மூன்று இடத்தில் நிறுத்திக் காட்டிப் பழகுங்கள்: பென்சில் கோடு முடிந்ததும், முதற்பூச்சு காய்ந்ததும், கடும் நிறங்களை வைப்பதற்குச் சற்று முன்னரும். உதாரணத்துக்கு எல்லாருக்கும் தெரிந்த காட்சியையே எடுத்துக்கொள்வோம்: டச்பே கடற்கரையில் இருந்து பார்க்கும், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை.

துணைக்கீற்று

கடதாசி வெட்டும்போதே, நிறம் வைத்துப் பார்க்கும் ஒடுங்கிய துண்டான துணைக்கீற்றுக்கும் சேர்த்து வெட்டுங்கள். 56 × 76 செ.மீ. முழுத்தாளை நாலாக்கினால் ஒவ்வொன்றும் 28 × 38 செ.மீ. வரும். மூன்றைப் படத்துக்கு வைத்துக்கொண்டு நாலாவதை 5 செ.மீ. அகலத்தில் வெட்டினால் ஏழு கீற்றுக் கிடைக்கும். ஒரு படத்துக்கு இரண்டு கீற்று தாராளம். படத்தில் எந்தப் பூச்சு வைத்தாலும், தூரிகையில் மிஞ்சியதைக் கீற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு வையுங்கள். பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: என்ன நிறங்கள், எத்தனை மணி, காற்று எப்படி.

அடுத்த பூச்சைப் படத்தில் வைக்கமுன், கீற்றில் காய்ந்து கிடக்கும் முதற்பூச்சின் மேல் வைத்துப் பாருங்கள். வெறும் வெள்ளைத் தாளில் பரிசோதித்தால் ஏமாந்துபோவீர்கள். வெள்ளையில் நீலமாக நிற்கும் அதே கலவை, மஞ்சள் காவி பூசிய இடத்தில் பச்சைச் சாம்பலாகிவிடும். காட்டும்போது கீற்றையும் படத்தின் பக்கத்தில் வையுங்கள். "இந்த ஊதா எப்படி வந்தது?" என்று கேட்பவருக்கு விடை அதிலேயே இருக்கும்.

தாள் சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளாக, நடுத்தரச் சொரசொரப்போடு இருக்கட்டும். கடைகளில் கோல்ட் பிரஸ் என்று கேளுங்கள். மெல்லிய தாள் ஈரத்தில் அலையலையாய் எழும்பும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், தேங்கிய இடத்தில் கறை விழும். பாடசாலைச் சித்திரக் கொப்பித் தாள் இரண்டாம் பூச்சைத் தாங்காது, மேற்பரப்பு உரிந்து உருண்டை உருண்டையாய் வரும். செலவு கூடுதலென்றால் மலிவான தாளுக்குப் போவதைவிட, நல்ல தாளை எட்டாக வெட்டி 19 × 28 செ.மீ. அளவில் வரைவது எவ்வளவோ மேல்.

முதல் நிறுத்தம்: கோடு

பெரிய தாளில் கை வைக்கமுன் 7 × 9.5 செ.மீ. கட்டத்தில் சின்னப் படம் ஒன்று போடுங்கள். அது 28 × 38 தாளின் சரியான கால்வாசி அளவு, ஆகவே பெரிதாக்கும்போது எதுவும் நீண்டு குறுகிப் போகாது. மூன்றே அளவுதான்: வெள்ளை, நடுத்தரம், கடும். 2பி பென்சில் போதும். ஒரு மூலையில் மணியை எழுதி, சூரியன் இருக்கும் பக்கத்துக்கு அம்பு போடுங்கள். காலை 7 மணியில் இருந்து 9 மணி வரை மலையின் கடல்முகத்தில் வெளிச்சம் விழும். பின்னேரம் அதே முகம் நிழலுக்குள் போய்விடும். மணி எழுதாத படத்தைப் பின்னேரம் பார்க்கிறவர், நிழல் பிழை என்று சொல்லிவிட்டுப் போவார்.

இந்த நிறுத்தத்தில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. கடல்விளிம்பு படத்தைச் சரிபாதியாக வெட்டுகிறதா? அது மட்டமாக இருக்கிறதா? 2 மி.மீ. சரிந்தாலும் கடல் ஒரு பக்கம் ஊற்றுப்படுவதுபோல் தெரியும், அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். மலை உச்சியில் கோயிலைப் பெரிதாக்கி விடுவது எல்லாரும் விடும் பிழை. பக்தி கையைப் பெரிதாக்கச் செய்கிறது, அது இயல்புதான். ஆனால் கடற்கரையில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அது பாறையின் மேல் சில சின்ன வடிவங்கள் மட்டுமே. கோயில் பெரிதானால் மலை குன்றாகிவிடும். இந்தப் பிழைகளெல்லாம் அழிறப்பரால் போகும். அதனால்தான் இங்கே நிறுத்துகிறோம்.

இரண்டாம் நிறுத்தம்: முதற்பூச்சு

வேலையின் பெரும்பகுதி இங்கேதான் கெடுகிறது. கெடுப்பது பெரும்பாலும் காற்று.

கலவையின் தடிப்பைக் குசினிக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வானத்துக்கு வெறுந்தேத்தண்ணி. மலையின் நடுத்தர நிறத்துக்குத் தேங்காயின் இரண்டாம் பால். கடைசிக் கடும் நிறத்துக்குத் தலைப்பால். 28 × 38 தாளில் வானத்துக்கு இரண்டு தேக்கரண்டி கலவை செல்லும். நீங்கள் நாலு கரண்டி கலந்து வையுங்கள். நடுவில் முடிந்து மறுபடி கலக்கப் போனால், நிறுத்திய இடத்தில் கோடு விழுந்து நிற்கும்.

பூசிய பிறகு பலகையைக் கண் மட்டத்துக்குத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே சற்றுச் சரித்துப் பாருங்கள். முதலில் கண்ணாடிபோல் மினுங்கும். இப்போது எந்த நிறம் விட்டாலும் தன்பாட்டில் பரவும். பிறகு மினுக்கம் ஓரங்களில் இருந்து உள்ளே ஒடுங்கும், பட்டுத்துணிபோல் ஒரு மங்கிய ஒளி மட்டும் மிஞ்சும். ஆபத்தான நேரம் இதுதான். இப்போது தாளில் உள்ளதைவிடத் தண்ணீர் கூடின தூரிகை பட்டால், அந்தத் தண்ணீர் நிறத்துகளை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டு போய், பூக்கோவாபோல் ஓரம் நெளிந்த கறையாக விட்டுவிடும். இந்த நேரத்தில் தடித்த நிறத்தை, பிழிந்த தூரிகையால் மட்டுமே வைக்கலாம். பிறகு மினுக்கம் முற்றாகப் போகும், ஆனாலும் புறங்கையைத் தாளில் வைத்தால் குளிரும். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, தொடாதீர்கள். குளிர் போனபின்தான் காய்ந்தது.

வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் மேலே சொன்னதெல்லாம் சில நிமிடத்தில் நடந்து முடிந்துவிடும். வானத்தின் வலப்பக்கம் போய்ச்சேரமுன் இடப்பக்கம் காய்ந்து கோடாகும். வழி இருக்கிறது: தாளின் பின்பக்கத்தை முதலில் நன்றாக நனையுங்கள், ஈரம் உறிஞ்சாத பலகையில் (போமைக்கா ஒட்டியது நல்லது) படிய வையுங்கள், பிறகு முன்பக்கத்தை நனையுங்கள். பின்னால் இருக்கும் ஈரம் மேலே ஊறிக்கொண்டே இருப்பதால் நேரம் பல மடங்கு கிடைக்கும். ஒரு கோப்பைத் தண்ணீரில் இரண்டு மூன்று துளி கிளிசரின் விட்டாலும் காய்வது தாமதமாகும். மூன்று துளிக்கு மேல் வேண்டாம். தாள் பிசுபிசுத்துத் தூசி ஒட்டும். கடற்கரை மணல் பறந்து ஈரப்பூச்சில் விழுந்தால் துடைக்க வேண்டாம். காய்ந்தபின் சுண்டிவிட்டால் போய்விடும், துடைத்தால் கீறும்.

ஐப்பசியில் இருந்து தை வரை கதை தலைகீழ். மழைக்குளிரில் தாள் காய்ந்தது போலிருக்கும், புறங்கைக்குக் குளிர்ந்துகொண்டே இருக்கும். பொறுமை இழந்து இரண்டாம் பூச்சை வைத்தால் கீழே உள்ள நிறம் கலங்கிச் சேறாகும். தலைமயிர் உலர்த்தியைப் பயன்படுத்தலாம், ஆனால் மினுக்கம் போனபின், 30 செ.மீ. தள்ளிப் பிடித்து அசைத்துக்கொண்டே. மினுங்கும்போது ஊதினால் காற்று நிறத்தை ஓரத்துக்கு ஒதுக்கிவிடும்.

தண்ணீர் வீட்டில் இருந்து கொண்டு போங்கள்: கழுவ ஒரு பேணி, கலக்க ஒரு பேணி. கடல் நீரில் தூரிகை தோய்க்க ஆசை வரும். அதிலுள்ள உப்பு, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பூச்சு என்றைக்கும் சரியாகக் காயாது. உவர்க்கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம்.

பாறை அடியில் உடையும் நுரைக்கு மாஸ்கிங் திரவம் (வெள்ளையைக் காக்கப் பூசி, பிறகு உரித்தெடுக்கும் இறப்பர்ப் பால்) பூசியிருந்தால், அன்றைக்கே உரித்துவிடுங்கள். வெயிலில் விட்டால் அது தாளோடு ஒட்டி, உரிக்கும்போது தோலோடு வரும்.

காய்ந்த முதற்பூச்சைக் காட்டும்போது கேட்க வேண்டியது: வெள்ளை எங்கெங்கே மிஞ்சியிருக்கிறது, அது போதுமா? நுரை, வள்ளத்தின் வெயில் பட்ட ஓரம், தண்ணீரில் மினுங்கும் திட்டு, இந்த மூன்றில் ஒன்று மூடியிருந்தால் இப்போதே சொல்ல வேண்டும். ஓரளவு மீட்கலாம். சுத்தமான தட்டைத் தூரிகையை நனைத்துப் பிழிந்து, மூன்று நாலு முறை மெதுவாக இழுத்து, ரிசுவால் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. அல்ட்ராமரின் நீலமும் பேர்ன்ற் சியனா என்ற செம்பழுப்பும் நன்றாகவே எழும்பி வரும். தலோ நீலம் வராது, அது தாளின் நாருக்குள் ஊறிப் பிடித்துக்கொள்ளும். கரையோரத்து இளம்பச்சை நீலத்துக்கு அந்த நிறம்தான் பொருத்தம் என்பதால், அதை வெறுந்தேத்தண்ணியிலும் ஐதாகத் தொடங்குங்கள்.

மூன்றாம் நிறுத்தம்: கடும் நிறத்துக்கு முன்

அல்ட்ராமரினும் பேர்ன்ற் சியனாவும் சேர்ந்தால் கறுப்புக்குக் கிட்டத்தட்டப் போகலாம். நீலம் கூடினால் குளிர்ந்த நிழல், சியனா கூடினால் சூடான பாறை. கறுப்பு ரியூப் தேவையே இல்லை. ஆனால் எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி, அதைக் கூடியிருந்து தீர்க்கலாம். பழைய தாள் ஒன்றில் இந்தக் கடும் நிறத்தைப் பூசிக் காயவிட்டு, சின்னத் துண்டுகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். பாறை வெடிப்பு, வள்ளத்தின் அடி நிழல், முன்னால் நிற்கும் தென்னையின் அடிமரம் என்று படத்தின் மேல் வைத்து வைத்து நகர்த்திப் பாருங்கள். எந்தத் துண்டை எடுத்தால் படம் ஒன்றும் இழக்கவில்லையோ, அந்தக் கடும் நிறம் வேண்டாம். மெல்லிய கோடென்றால் தெளிவான பிளாஸ்ரிக் தாளை மேலே விரித்து அதில் வரைந்து பார்க்கலாம். நிறம் துளித்துளியாய் ஒதுங்கினால் தூரிகையைச் சவர்க்காரத்தில் ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள், ஒட்டும்.

மற்றவர் படத்தில் ஒருபோதும் உங்கள் தூரிகையை வைக்காதீர்கள். அவர் கேட்டாலும் வேண்டாம்.

போனில் எடுத்து அனுப்புவதென்றால்

காய்ந்தபின் எடுங்கள். ஈரப்படம் கடுமையாகத் தெரியும், காய்ந்ததும் ஒரு படி வெளிறும். ஈரத்தில் எடுத்த படத்தைப் பார்த்து "கடும் போதும்" என்று சொல்லும் கருத்து வீண். காலை 9 மணியளவில் விறாந்தை நிழலில், நேர்வெயில் படாத இடத்தில் தாளைச் சுவரில் சாய்த்து, போனைத் தாளுக்கு நேர் எதிரே பிடியுங்கள். ஒரு பக்க யன்னல் வெளிச்சத்தில் தாளின் நெளிவெல்லாம் நிழலாய் விழும். பக்கத்தில் வெறும் வெள்ளைத் தாள் ஒன்றும் கீற்றும் சட்டகத்துக்குள் வரட்டும். பார்ப்பவர் போனில் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் நிறத்தை நம்ப வேண்டாம் என்று அவருக்கு விளங்கும். குண்டு பல்ப் வெளிச்சத்தில் எடுக்கவே கூடாது. அழகூட்டும் வடிகட்டிகளை நிறுத்திவிடுங்கள். இன்னொரு பிரதியைக் கறுப்பு வெள்ளையாக்கி அதையும் அனுப்புங்கள். கடலும் மலையும் ஒரே சாம்பலில் கரைந்து போனால், நிறம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மலை நிற்காது.

நேரில் கூடினால் படத்தை இரண்டு மீற்றர் தள்ளி நிறுத்தி, ஒரு நிமிடம் எல்லாரும் பேசாமல் பாருங்கள். வரைந்தவர் முதலில் பேசக் கூடாது. அவர் விளக்கம் சொன்னதும் மற்றவர்கள் விளக்கத்தைப் பார்ப்பார்களே தவிரப் படத்தைப் பார்க்கமாட்டார்கள். பிறகு வரைந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "மலை பின்னுக்குப் போகிறதா?" அல்லது "எதை விட்டுவிடலாம்?"

"வடிவாயிருக்கு" என்பது அன்பு, அதையும் சொல்லுங்கள். அதோடு நிறுத்தினால் அவர் கையில் எடுக்க ஒன்றுமில்லை. இடத்தைக் காட்டி, காண்பதைச் சொல்லி, செய்யக்கூடியதைச் சொல்லுங்கள்: "இடப்பக்கம் வானமும் மலையும் சேரும் ஓரம் வெட்டினதுபோல் இருக்கிறது, ஈரத்தூரிகையால் இரண்டு அங்குலத்துக்கு இளக்கினால் தூரம் வரும்." இப்படி ஒன்று போதும். ஒருவருக்கு ஒரே தடவையில் ஐந்து திருத்தம் சொன்னால் ஐந்தையும் செய்து படத்தைச் சாகடித்துவிடுவார்.

சுவாமி மலைக்குப் போகும் வழியில் உள்ள பிரெட்ரிக் கோட்டைக்குள் இருந்து வரையப் போகிறவர்கள் கவனிக்க: உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது. கோயிலுக்குப் போகும் பொதுவழியோரம் மட்டும் இருங்கள், முகாம் கட்டடங்களை வரையவோ படமெடுக்கவோ வேண்டாம். புள்ளிமான்கள் தாளைச் சாப்பாடென்று நினைத்துக் கிட்ட வரும். வாயில் கடதாசி அகப்பட விடாதீர்கள்.

மாரி தொடங்கமுன் கீற்றுகளைப் படத்தின் பின்னால் ரேப் போட்டு ஒட்டாமல், தனியாகத் திகதி வாரியாக அடுக்கி வையுங்கள். ரேப்பின் பசை ஈரத்தில் ஊறி முன்பக்கம் தெரியும். பாவிக்காத தாள்களைச் சிலிக்கா பொட்டலம் இரண்டோடு பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டுங்கள். தண்ணீரை உடனே உறிஞ்சவிடாமல் காக்கும் தாளின் பசைப்பூச்சைக் கடற்காற்று ஈரம் தின்றுவிட்டால், அடுத்த வருடம் நிறம் ஒற்றுத்தாளில் போல் திட்டுத்திட்டாய் உறிஞ்சப்படும். சந்தேகமான தாளின் மூலையில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள்: மேலே நின்றால் நல்லது, உடனே உள்ளே போனால் அதைப் பென்சில் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். வர்ணத்தட்டை ஈரத்தோடு மூடாதீர்கள். ஒரு இரவு திறந்து வைத்துக் காயவிட்டு மூடினால் பூஞ்சணம் பிடிக்காது.