லினக்ஸ் கண்டுகொள்ளாத யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரை வேலை செய்ய வைப்பது எப்படி?

செருகினால் விளக்கு எரிகிறது, இணைப்பு மட்டும் வரவில்லையா? அடாப்டரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர், பெரும்பாலும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கும். அந்த டிரைவரின் சாதனப் பட்டியலில் உங்கள் அடாப்டரின் எண் இருக்காது, அவ்வளவுதான்.

முதலில் எண்ணைக் கண்டுபிடியுங்கள். டெர்மினலில் 'எல்எஸ்யுஎஸ்பி' (lsusb) கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு வரியிலும் 0846:1040 போல ஓர் இரட்டை எண் வரும். முன்பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும் (0846 நெட்கியர்), பின்பாதி பொருளைக் குறிக்கும் (1040 அதன் எஃப்ஏ120). அடாப்டரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். காணாமல் போன வரிதான் உங்களுடையது.

அடுத்து சிப். பெட்டியில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள். எடிமேக்ஸின் 7811யுஎன் வைஃபை அடாப்டரில் முதல் பதிப்புக்கு ஒரு சிப், இரண்டாம் பதிப்புக்கு வேறு சிப். மூடியைத் திறந்து, கைபேசி கேமராவில் பெரிதாக்கி, சிப்பின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிப்பதே நிச்சயமான வழி.

ஏஎக்ஸ்88172 (AX88172) என்று இருந்தால் அதற்குரியது 'அசிக்ஸ்' (asix) டிரைவர். 'மோட்புரோப்' (modprobe) கட்டளையால் அதை ஏற்றுங்கள். 'சிஸ்' (/sys) அடைவுக்குள் யுஎஸ்பி டிரைவர்களின் பகுதியில், அசிக்ஸின் கீழ் 'நியூ_ஐடி' (new_id) என்றொரு கோப்பு இருக்கும். அதில்தான் எழுத வேண்டும்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். அடாப்டரின் இரண்டு எண்களை மட்டும் எழுதினால், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் அசிக்ஸ் அதை ஒதுக்கிவிடும். ஏனென்றால் பட்டியலில் ஒவ்வொரு எண்ணோடும் அந்தச் சாதனத்தை இயக்கும் விவரமும் சேர்ந்தே இருக்கிறது. உங்கள் எண் 1234:5678 என்றால் இப்படி எழுதுங்கள்:

1234 5678 0 0846 1040

நெட்கியர் அடாப்டருக்கான விவரத்தையே இதற்கும் எடுத்துக்கொள் என்பது இதன் பொருள். நடுவில் முக்காற்புள்ளி வேண்டாம், இடைவெளி போதும். 'எக்கோ'வுக்கு (echo) முன்னால் 'சூடோ' (sudo) சேர்த்து அம்புக்குறியால் (>) எழுதினால் அனுமதி கிடைக்காது. கோப்பைத் திறப்பது கட்டளைகளை வாங்கி இயக்கும் உங்கள் ஷெல், அதற்கு ரூட் (நிர்வாகி) உரிமை இல்லை. 'எக்கோ'வின் வெளியீட்டைக் குழாய்க்குறி (|) வழியாக 'சூடோ டீ'க்கு (sudo tee) அனுப்புங்கள்.

இப்போது கர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெசெக்' (dmesg) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பெயரில்லாத உங்கள் அடாப்டர் நெட்கியர் என்ற பெயரில் பதிவாகியிருக்கும். பயப்பட வேண்டாம், விவரத்தை அங்கிருந்துதானே எடுத்தோம்!

சிப் வேறாக இருந்தால் இதைச் செய்யவே செய்யாதீர்கள், கணினி உறைந்துபோகக்கூடும்.

மறுதொடக்கம் செய்தால் இந்த மாற்றம் அழிந்துவிடும். சாதனம் செருகப்படும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஒரு 'யூடெவ்' (udev) விதி எழுதினால் ஒவ்வொரு முறையும் தானாக நடக்கும். நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியானதும், டிரைவரின் மூலநிரல் பட்டியலில் உங்கள் எண்ணைச் சேர்த்து, அந்த மாற்றத்தைக் கர்னல் பராமரிப்பாளர்களுக்கு அனுப்புங்கள். அதே அடாப்டரை அடுத்து வாங்குபவர் செருகியதுமே இணைப்பு கிடைக்கும்.