வசனமே இல்லாமல் ஒரு பிரிவுக் காட்சி: செல்போனில் எடுப்பது எப்படி?

காதல் படங்களில் ஏக்கத்தை வசனத்தைவிடக் காலியாக விட்ட இடம்தான் நன்றாகச் சொல்லும். செல்போனிலேயே இதைப் பழகலாம். கதை இவ்வளவுதான்: பெங்களூரில் வேலை கிடைத்து ஒருத்தி கிளம்புகிறாள், சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் ஒருவன் நிற்கிறான். இதற்கு ரயில்வே ஸ்டேஷன் வேண்டும் என்பார்கள். நம் கிருஷ்ணகிரி டவுனில் ரயிலே கிடையாது. பஸ் ஸ்டாண்டு போதும்.

படி 1: டீக்கடை பெஞ்சில் இருவரையும் உட்கார வைத்து எடுங்கள். போன் ஸ்டாண்டின் கால்கள் நின்ற இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். அவள் போன பிறகு, அதே குறியில் போனை வைத்து அவனை மட்டும் எடுக்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: தனி ஆள்தானே என்று நடுவில் உட்கார வைத்துவிடுவார்கள். கூடாது. அவன் தன் பாதியிலேயே உட்காரட்டும், அவள் இடம் அப்படியே கிடக்கட்டும்.

படி 2: பஸ்ஸில் ஏறியவளை வெளியே நின்று, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் முகம் தெரிகிற மாதிரி எடுங்கள். ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாயின் 'இன் த மூட் ஃபார் லவ்' (2000) படம் பார்த்தால் புரியும். கதவிடுக்கு, குறுகலான படிக்கட்டு என்று அதில் வரும் இருவரையும் ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டே இருக்கும்.

படி 3: வருத்தத்துக்கு வெற்றிடம் போதாது, ஒரு பொருள் வேண்டும். நம் ஊருக்கு மாம்பழத்தைவிட எது பொருத்தம்? அவளுக்கென்று ஒரு பை செந்தூரா வாங்கி வருகிறான். பஸ் கிளம்பிவிடுகிறது, பை கையிலேயே இருக்கிறது. அடுத்த ஷாட்டில் பழங்கள் அவன் வீட்டு அலமாரியில். அதற்கடுத்த ஷாட்டில் அதே பழங்களில் கரும்புள்ளி. நடுவில் எதையும் சேர்க்காதீர்கள். 'அப்போதே சொல்லியிருக்கலாமே' என்று பார்ப்பவர்களே நினைத்துக்கொள்வார்கள். மாம்பழ சீசன் இல்லையா? மல்லிகைச் சரமும் வாடும்.

படி 4: நடிப்பவரை அழச் சொல்லாதீர்கள். ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரே முகத்தைச் சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் சேர்த்துக் காட்டியபோது, ஒரு தடவை பசி, ஒரு தடவை துக்கம் என்று மக்கள் புரிந்துகொண்டார்களாம். சும்மா பார்க்கச் சொல்லுங்கள், போதும். அடுத்த ஷாட் வேலையைச் செய்துவிடும்.

படி 5: பொழுது சாய்ந்ததும் கடைகளில் டியூப்லைட் எரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நொடிக்கு 30 பிரேமில் எடுத்தால் படம் மினுமினுக்கலாம். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி வையுங்கள். திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தை லாக் செய்யுங்கள்.

அப்புறம், சோகப் பாட்டு வேண்டவே வேண்டாம். கண்டக்டர் "ஓசூர், ஓசூர்" என்று கூவுவதையும் இன்ஜின் இரைச்சலையும் இன்னொரு போனில் தனியாகப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் ஷாட்டுகளை ஒட்டவைப்பது அந்தச் சத்தம்தான்.